சுவரில் படம் மாட்டினால் அலுவலகத்தில் மனம் இளைப்பாறுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் அலுவலகத்திலிருந்து ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். சிறு தோட்டக்காரர்களிடமிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிறுவனம் அது. கணக்கு, லாரி ஏற்பாடு, பணப்பட்டுவாடா என்று 11 பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். பிற்பகலானால் பலருக்குத் தலைவலி வருகிறது. ஒருவர் மேல் ஒருவருக்கு எரிச்சல் கூடுகிறது. இந்த ஆண்டில் மட்டும் இருவர் விலகிவிட்டார்கள். முதலாளி 6,000 வெள்ளியை (ரிங்கிட்) ஒதுக்கி, மனத்துக்கு இதமாக ஏதாவது செய்யுங்கள் என்று அந்தப் பொறுப்பை இந்தக் கேள்வியை எழுதியவரிடமே ஒப்படைத்திருக்கிறார். எந்த நிறம் பூசலாம், என்ன ஓவியங்களை மாட்டலாம், இதனால் உண்மையாகவே பயன் உண்டா என்பவை அவர் எழுதிய கேள்விகள். அவற்றின் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சம்பளமும் வேலைப்பளுவும் மாறாமல் சுவர் மட்டும் மாறினால், அதைச் செய்தவர் என்ற முறையில் உடன் வேலை செய்பவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்பதே அது. அந்தக் கேள்விக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். உள்ளக வடிவமைப்புப் படித்து, 22 ஆண்டுகளாகப் பேராக்கிலும் சிலாங்கூரிலும் சிறிய அலுவலகங்கள், கிளினிக்குகள், ஆலை அலுவலகங்கள் ஆகியவற்றை அமைத்துக் கொடுத்துவருகிறேன். மருத்துவனோ மனநல ஆலோசகனோ அல்லன். ஆகவே ஓர் அறை மனிதருக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடியும். ஒருவருடைய மனச்சோர்வுக்கு என்ன காரணம் என்பதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

முதலில் சுருக்கமான பதில்: பயன் உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வெயில், கண்கூச்சம், இரைச்சல் ஆகிய மூன்றையும் கவனித்த பிறகே ஓவியத்துக்குக் காசு போக வேண்டும். அந்த ஓவியத்தை, அதன் எதிரே நாள் முழுக்க உட்காரப் போகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் பலரும் ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது.

உங்கள் கூடம் மேற்குப் பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பிற்பகல் தலைவலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அந்தச் சன்னல்களைத்தான். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வடக்கும் தெற்கும் பார்த்த சன்னல்களை ஒரு சிறு தாழ்வாரமே காப்பாற்றிவிடும். மேற்குச் சன்னலுக்கு அது போதாது, ஏனென்றால் மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்வாக நேரே உள்ளே விழுகிறது. உள்பக்கத்தில் தடித்த திரை போட்டால் வெளிச்சம் குறையும், வெப்பம் அவ்வளவாகக் குறையாது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சூடாக்கி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. அதனால்தான் பழைய தோட்டத்து பங்களாக்களிலும் கிராணி (எழுத்தர்) வீடுகளிலும் மூங்கில் தட்டியை எப்போதும் வெளித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார்கள். உங்கள் கட்டட உரிமையாளர் அனுமதித்தால், சன்னலுக்கு வெளியே தட்டியோ வெயில்மறைப்போ பொருத்துவதுதான் இந்த 6,000 வெள்ளியில் செய்யக்கூடிய மிகச் சிறந்த முதல் செலவு. அது முடியாத இடத்தில்தான் கண்ணாடியில் ஒட்டும் வெப்பத்தடுப்புப் படலம். அதிலும் மிகக் கருமையானதை வேண்டாம் என்பேன். வெளியே தெரியும் வானத்தையும் சேர்த்து மறைத்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். மலேசியத் தர நிர்ணயமான எம்.எஸ். 1525, படிக்கவும் எழுதவும் செய்யும் பொது அலுவலகங்களுக்கு 300 முதல் 400 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தைப் பரிந்துரைக்கிறது. கைப்பேசியில் உள்ள லக்ஸ் அளவி துல்லியமானதன்று என்றாலும், ஒரு மேசையில் 150-உம் இன்னொன்றில் 900-உம் காட்டினால் அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அது போதும். கடைவீடுகளில் பெரும்பாலும் ‘டேலைட்’ என்று விற்கப்படும் 6,500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) நீலவெள்ளைக் குழல்விளக்குகளைத்தான் மாட்டியிருப்பார்கள். 4,000 கெல்வின் அளவுள்ள நடுநிலை வெள்ளை விளக்குகள் கண்ணுக்கு இதமானவை என்று என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள்; இது விருப்பம் சார்ந்த விஷயம், ஆய்வு முடிவாக நான் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: விளக்கின் பிம்பமோ சன்னலின் பிம்பமோ கணினித் திரையில் விழக்கூடாது. சன்னலுக்கு முதுகைக் காட்டியும் முகத்தைக் காட்டியும் உட்காராமல், சன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசைகளைத் திருப்புங்கள். இதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை.

வெப்பத்துக்கும் காற்றுக்கும் நம் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர நடைமுறை விதித்தொகுப்பு ஓர் அளவு சொல்கிறது: வெப்பநிலை 23 முதல் 26 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு, கரியமிலவாயு பத்து இலட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் போகக்கூடாது. கடைவீட்டில் மாட்டும் ஏர்கோன் பெட்டிகள் பெரும்பாலும் உள்காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கின்றன, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. 11 பேர் காலை முதல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் பிற்பகலில் தலை கனப்பதற்கு அதுவே போதுமான காரணம். மதிய உணவு நேரத்தில் பின்பக்கச் சன்னலையும் மாடிப்படிக் கதவையும் 20 நிமிடம் திறந்து வைத்துப் பாருங்கள். புகைமூட்டம் இருக்கும் நாள்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இரைச்சலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஓவியமும் வடிவமைப்பும் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். உங்கள் கூடத்தில் கீழே லாரிச் சத்தம், உள்ளே தொலைபேசிப் பேச்சு. இரண்டில் மனத்தை அதிகம் குலைப்பது லாரிச் சத்தம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு செய்யும் வேலைக்கு, புரியும் பேச்சே பெரிய எதிரி என்பது பல சோதனைகளில் மீண்டும் மீண்டும் தெரிந்த செய்தி. நமக்குத் தொடர்பில்லாத பேச்சாக இருந்தாலும், மொழி புரிகிறது என்றால் மனம் தானாக அதன் பின்னால் போய்விடுகிறது. பக்கத்து மேசைக்காரர் லாரி ஓட்டுநரிடம் எண் சொல்லிக்கொண்டிருக்கும்போது கணக்கர் தன் எண்ணைத் தவறவிடுவது அவருடைய கவனக்குறைவு அன்று. சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடிச் சன்னல் ஆகிய மூன்றும் ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பி எறிகின்றன. இங்கே துணி ஓவியம் இரட்டை வேலை செய்யும். மரச்சட்டத்துக்குள் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கனமுள்ள ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) பலகையை வைத்து, அதன்மேல் காற்றுப் புகும் துணியில் அச்சிட்ட ஓவியத்தையோ, மெழுகால் வரைந்து சாயமேற்றிய பத்திக் துணியையோ இழுத்துக் கட்டினால், அது ஓவியமாகவும் இருக்கும், பேச்சொலியின் எதிரொலியையும் குறைக்கும். வெறும் துணியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் இந்தப் பயன் கிடைக்காது. சாயம் அடர்த்தியாகப் பூசிய கேன்வாஸும் அப்படித்தான். மேற்பரப்பு அடைபட்டுப்போவதால் ஒலி உள்ளே நுழைய வழியில்லை. இத்தகைய பலகைகள் நான்கை, தொலைபேசியில் அதிகம் பேசுபவர்களின் எதிர்ச்சுவரில் வைப்பது நான் வழக்கமாகச் செய்வது. எதிரொலிதான் இதனால் குறையும்; பக்கத்து மேசையிலிருந்து நேராக வரும் குரல் குறையாது. அதற்குத் தொலைபேசிக்காரர்களை ஒரு மூலைக்கு மாற்றுவதைத் தவிர மலிவான வழி இல்லை.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். இயற்கைக் காட்சி மனத்தை ஆற்றும் என்று சொல்லும்போது எல்லோரும் சுட்டிக்காட்டுவது ரோஜர் உல்ரிக் 1984-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரைவிடச் சராசரியாக ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அவர்கள் 46 நோயாளிகள். பார்த்தது உண்மையான மரங்களை, ஓவியத்தை அன்று. அவர்கள் கட்டிலில் படுத்திருந்தார்கள், மாதக்கடைசிக் கணக்கு முடித்துக்கொண்டிருக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் காட்டுப் படம் மாட்டினால் ஊழியர் விலகல் குறையும் என்று சொல்பவர், ஆய்வு சொன்னதற்கு மேல் சொல்கிறார். பின்னர் உல்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை நோயாளிகளுக்குப் படங்களையே காட்டிப் பார்த்தார்கள். மரமும் நீரும் திறந்த வெளியும் உள்ள படம் பதற்றத்தைக் குறைத்தது. நேர்கோட்டு வடிவங்கள் கொண்ட அருவப் படமோ, படமே இல்லாததைவிட அதிகப் பதற்றத்தைத் தந்தது. களைத்த மனத்துக்குப் புதிரான படம் இளைப்பாறுதல் தராது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்வதில் தவறில்லை. கலைக்கூடத்தில் நம்மை அசைக்கும் படம் வேறு, எட்டு மணி நேரம் கூடவே இருக்க வேண்டிய படம் வேறு.

அலுவலகத்தையே நேரடியாகத் தொடும் ஆய்வு ஒன்று உண்டு; உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது அதுதான். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேக் நைட்டும் அலெக்ஸாண்டர் ஹாஸ்லமும் 2010-இல் வெளியிட்டது. பங்கேற்றவர்களை நான்கு விதமான அறைகளில் வேலை செய்ய வைத்தார்கள். ஒன்று எதுவுமே இல்லாத வெற்று அறை. ஒன்று செடிகளாலும் ஓவியங்களாலும் பிறர் அலங்கரித்தது. ஒன்று அதே செடிகளையும் ஓவியங்களையும் கொடுத்து அங்கே உட்காருபவரே விரும்பியபடி வைத்துக்கொண்டது. நான்காவதில் அவர் வைத்த பிறகு, ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் தம் விருப்பத்துக்கு மாற்றி அடுக்கினார். அலங்கரித்த அறையில் வெற்று அறையைவிட வேலை நன்றாக நடந்தது. தாமே வைத்துக்கொண்டவர்கள் அதற்கும் மேலே போனார்கள். நான்காவது அறையில் அந்த நன்மை போய்விட்டது. அதே செடி, அதே ஓவியம். மாறியது யார் கை வைத்தது என்பது மட்டுமே.

இதை நான் ஆய்வைப் படிப்பதற்கு முன்பே ஓர் ஆலை அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்குத் தொழிலில் ஐந்தாறு ஆண்டு அனுபவம். வரவேற்பறைக்குப் பின்னால் இருந்த கணக்குப் பிரிவின் நீண்ட சுவரில், விடியற்காலைப் பனியில் நிற்கும், இரப்பர் தரும் பால்மரக் காட்டின் பெரிய புகைப்படத்தை மாட்டினேன். வரிசை வரிசையாக மரங்கள், நடுவில் மெல்லிய வெளிச்சம். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் போனபோது, அங்கே இருபது ஆண்டுகளாக வேலை பார்த்த அம்மா ஒருவர் தம் மேசையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருந்தார். ஏன் அக்கா என்று கேட்டேன். “தம்பி, நாலரை மணிக்கு எங்கம்மாவோட மரம் சீவப் போன காடு இது. பார்க்கப் பார்க்க எனக்குக் கை விறைக்குது” என்றார். பால் விடியலின் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும் என்பதால் இருட்டோடு வெட்டுக்குப் போக வேண்டும். பள்ளிக்குப் போகும் முன் தாய்க்கு உதவி செய்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், ஆனால் என் தகப்பனார் பட்டறையில் வேலை செய்தவர். அந்தக் குளிரை நான் அறிந்ததில்லை. எனக்கு ஏக்கமாகத் தெரிந்த படம் அவருக்கு உழைப்பாகத் தெரிந்தது. அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, கடலையோ மலர்களையோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வேண்டாம், நாள் முழுக்க எண்களைப் பார்க்கும் கண்ணுக்கு அந்தச் சுவர் சும்மா இருக்கட்டும் என்றார். அப்படியே விட்டோம், மேசை பழைய இடத்துக்குத் திரும்பியது.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீலம் அமைதி, பச்சை இளைப்பாறுதல், மஞ்சள் உற்சாகம் என்று வண்ணக்கடைப் புத்தகங்களில் உறுதியாக எழுதியிருப்பதில் பெரும்பகுதி மிகவும் பலவீனமான ஆதாரத்தின் மேல் நிற்கிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஓர் இளஞ்சிவப்பு நிறம். அமெரிக்காவில் சியாட்டில் கடற்படைச் சிறைக்கூடம் ஒன்றில் 1979-இல் அலெக்ஸாண்டர் ஷாஸ் அந்த நிறத்தைப் பூசச் செய்து, கைதிகளின் ஆவேசம் அடங்கியது என்று அறிவித்தார். அதை நம்பிப் பல நாடுகளில் சிறை அறைகளுக்கு அந்த நிறம் பூசினார்கள். சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் முறையாக ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தபோது, அத்தகைய பயன் எதுவும் தெரியவில்லை. ஆகவே நிறத்தை மனமருந்தாக நினைக்காமல், வெளிச்சத்தைக் கையாளும் கருவியாக நினையுங்கள். மேற்கூரை வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் பரவும். சுவர், பளபளப்பில்லாத வெளிர் நிறமாக இருக்கட்டும்: அரிசி கழுவிய நீரின் வெண்மை, வெளிர்மணல், வெளிர்ப் பாசி என எதுவாக இருந்தாலும் சரி. நான் ஒருமுறை ஒரு கிளினிக்கின் பின் அலுவலகத்துக்குக் கரும்பச்சைச் சுவரும் மங்கிய மஞ்சள் விளக்கும் கொடுத்தேன். முதல் வாரம் எல்லோருக்கும் பிடித்தது. இரண்டாம் மாதம், தூக்கம் வருகிறது, இரசீது எண் தெரியவில்லை என்று பழைய குழல்விளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். என் செலவிலேயே மறுபடி வண்ணம் பூசிக் கொடுத்தேன். அமைதி வேறு, இருட்டு வேறு. வண்ணம் வாங்கும்போது ஆவி குறைவாக வெளிப்படும் வகை என்று கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமை மாலை பூசி, திங்கள் வரை சன்னலைத் திறந்து விடுங்கள். சுவரில் ஈரம் ஏறி வண்ணம் உரிந்திருந்தால், அந்த ஈரத்தின் மூலத்தைச் சரிசெய்யாமல் எதையும் பூசாதீர்கள்.

செடிகளும் இப்படித்தான். அவை காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக 1989-இல் மூடிய சிறு பெட்டிகளில் செய்த சோதனையிலிருந்து வந்தது. அதையும் அதற்குப் பின் வந்த சோதனைகளையும் 2019-இல் மறுகணக்கிட்டபோது, சன்னல் வழியாக வரும் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று தெரிந்தது. ஆகவே காற்றுக்காகச் செடி வைக்காதீர்கள். பார்ப்பதற்காகவும், ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதற்காகவும் வையுங்கள். மணி பிளாண்ட், பாம்புச் செடி இரண்டும் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். நம் ஊரில் டிங்கிக் கொசு அதிலேயே முட்டையிடும். நீர்க்குடுவையில் வேர்விட்டு வளர்க்கும் செடிகளை இதனால் நான் அலுவலகங்களுக்குப் பரிந்துரைப்பதே இல்லை.

கண்ணுக்குப் படம் ஓய்வு தரும் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அருகிலுள்ள திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், தொலைவில் பார்க்கும்போதுதான் தன் குவியத் தசையைத் தளர்த்துகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில், அதாவது 6 மீட்டரில், 20 விநாடி பாருங்கள் என்று கண் பராமரிப்பாளர்கள் சொல்வது அதற்காகத்தான். ஓவியத்துக்குள் மலைத்தொடரே இருந்தாலும், அது மேசைக்கு ஒரு மீட்டர் எதிரே மாட்டப்பட்டிருந்தால் கண்ணுக்கு அது ஒரு மீட்டர்தான். கடைவீட்டுக் கூடம் நீளமானது. இது உங்களுக்கு வாய்த்த நன்மை. பெரிய படங்களைப் பக்கச் சுவர்களில் அல்லாமல் நீளவாக்கின் இரு கோடிகளில் வையுங்கள். உயரத்தை நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். படத்தின் நடுப்பகுதி அதற்குச் சற்று மேலே வந்தால் போதும். பளபளக்கும் கண்ணாடிச் சட்டம் மேற்கு வெளிச்சத்தில் படத்தைக் காட்டாது, சன்னலைத்தான் காட்டும். சட்டத்தின் பின்மூலைகளில் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள இரப்பர் துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடாவிட்டால் நம் ஈரப்பதத்தில் ஓராண்டுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

என்ன படம் என்பதற்கு நான் பட்டியல் தரப்போவதில்லை. எங்கே தேடலாம் என்று மட்டும் சொல்கிறேன். இணையத்திலிருந்து இறக்கி அச்சடிப்பதைவிட, ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் ஓவியர்களிடமோ புகைப்படக்காரர்களிடமோ ஒன்றிரண்டு அசல்களை வாங்குவது நேர்மையானது. படைப்பாளியின் அனுமதி பற்றிய சிக்கலும் இராது. பத்திக்கை வெறும் உடைத்துணியாக நினைக்க வேண்டாம். பினாங்கைச் சேர்ந்த சுவா தியான் தெங் அதே மெழுகையும் சாயத்தையும் கொண்டு தாயும் சேயும், கடற்கரை உழைப்பாளிகளும் நிறைந்த ஓவிய மரபு ஒன்றையே தொடங்கிவைத்தார். ஓவியம் மட்டுமே கலை என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து கோலகங்சார் அதிக தூரமில்லை. அங்கே சாயோங்கில் உமிக்குள் புதைத்துக் கருக்கும் சுரைக்குடுக்கை வடிவ மண்குடுவை, மெங்குவாங் எனும் தாழை இன ஓலைப் பாய், தங்க இழை வேலைப்பாடான தெக்காட் ஆகியவை கைபட்ட பொருள்களின் வெதுவெதுப்பை அறைக்குக் கொண்டுவரும். உங்கள் 11 பேரில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பொதுச் சுவருக்குச் சமயப் படங்கள் வேண்டாம் என்பேன். அவரவர் மேசையில் அவரவர் விருப்பம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வெளியாள்களையும் மறந்துவிடாதீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஆபிஸ், ஊரிலேயே குளுமையான கட்டடம். உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், சுற்றிலும் பூஞ்செடிகள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது அமைதி. சம்பள நாளில் கம்பிச் சன்னலுக்கு வெளியே வெயிலில் வரிசையில் நின்றவர்களுக்கு அது அமைதியான இடமாக ஒருநாளும் இருந்ததில்லை. இன்று உங்கள் முகப்பில் குலைக்குரிய பணம் வாங்க வந்து நிற்கும் சிறு தோட்டக்காரர் கால்கடுக்க நின்றால் குரல் உயரும். அந்தக் குரல் உங்கள் பதினொரு பேரின் தலைவலியாக மாறும். ஒரு நீள இருக்கை, ஒரு மின்விசிறி, எண் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் ஆகியவற்றுக்குச் செலவு குறைவு, பலன் அதிகம்.

இனி, வடிவமைப்பால் முடியாததைச் சொல்லியாக வேண்டும். மாதக்கடைசியில் இரவு எட்டு மணி வரை இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரமே வழக்கமான வேலைநேரம். அதற்கு மேற்பட்டது மிகைநேரம். இருவர் விலகிய இடத்தை நிரப்பாமல், அவர்களுடைய வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், எந்த ஓவியமும் அதை ஈடுசெய்யாது. அப்படிப்பட்ட நிலையில் மாட்டப்படும் அழகான படம், எங்களைக் கேட்காமல் எங்களைச் சமாதானப்படுத்துகிறார்கள் என்ற கசப்பையே வளர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும், முதலாளி ஆபத்து மதிப்பீடும் செய்ய வேண்டும். வெப்பமும் கண்கூச்சமும் காற்றும் அந்த மதிப்பீட்டுக்குள் வரவேண்டியவை. ஆகவே சன்னல் மறைப்பையும் காற்றோட்டத்தையும் இந்த 6,000 வெள்ளியிலிருந்து எடுக்காமல், பராமரிப்புச் செலவாகத் தனியே கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. கேளுங்கள். உடன் வேலை செய்பவர் எவராவது உறக்கமிழந்தோ, எதிலும் பற்றில்லாமலோ வாரக்கணக்கில் இருந்தால், அது சுவர் சம்பந்தப்பட்டதன்று. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மனநலப் பரிசோதனை செய்கிறார்கள், அங்கே போக ஒரு நாள் விடுப்பும் துணைக்கு ஒருவரும் கிடைக்கச் செய்யுங்கள்.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது என்று கேட்டால், இரண்டு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, தம் இருக்கையிலிருந்து எது தொல்லை தருகிறது, எந்த மணிக்கு, எதைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்புவீர்கள் என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். மேசைகளைத் திருப்புவதையும் சன்னல் திறப்பதையும் அந்த இரண்டு வாரத்திலேயே செய்துவிடுங்கள். பிறகு வெயில், வெளிச்சம், ஒலிப்பலகை என்ற வரிசையில் செலவழித்து, மீதியில் ஆளுக்கு ஏறக்குறைய 100 வெள்ளி என்று பிரித்து, அவரவர் கண்ணெதிரே உள்ள சுவருக்கு அவரவரே வாங்கட்டும். சேர்த்துப் பெரிதாக வாங்க விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்ளட்டும். ஒன்றும் வேண்டாம் என்பவருக்கு அந்தச் சுவரைச் சும்மா விடுங்கள். வாங்கியதை முதலாளியோ நீங்களோ இடம் மாற்றக்கூடாது என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். 500 வெள்ளியைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் தம் படத்தை மாற்ற வேண்டும் என்று வந்து கேட்பார், அப்போது அது தேவைப்படும்.